அந்த ஞாயிறு ஆண்டவர் என் வாயைத் திறக்கவில்லை

என் தலை எப்படி மொட்டையானது என்ற கதையை எங்கள் சபையில் என்னைத் தவிர எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடமே சொன்னார்கள். என் வாயால் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. இந்தச் சாட்சியைப் பொறுமையோடு வாசிக்கப் போகிற விசுவாசக் குடும்பத்தாருக்கு என் ஸ்தோத்திரம்.

என் பெயர் ரூபி. சித்தூரில் இருக்கிறோம். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் சபைப் பெண்களில் பாதிப் பேர் போட்டிருப்பது நான் தைத்ததுதான். என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். மாங்காய் சீசன் வந்தால் பங்காருபாளையம் மண்டியே கதி என்று கிடப்பார். ஒரே மகள், கெசியா. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருக்கிறாள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்ற வேண்டும், பல தடவை வர வேண்டும் என்றார்கள். நான் அழுதேன். அதைவிட அதிகமாகப் பயந்தேன். என் உயிருக்காக இல்லை, கெசியாவின் கல்யாணத்துக்காக.

கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீடு வரதய்யபாளையம். பையன் சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நம் விசுவாசத்தைச் சேர்ந்த குடும்பம். ஆனால் அதற்கு முந்தின வருஷம் அவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்து, பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதே நோய் என்று தெரிந்ததும் கைகழுவிவிட்டார்கள். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வருமாம். "ஜெபித்துப் பார்த்தோம், ஆண்டவர் தடை பண்ணிட்டாரு" என்று சொல்லி அனுப்பினார்களாம். இதை எனக்குச் சொன்னதே அந்தச் சம்பந்தத்தை எங்களுக்குக் கொண்டு வந்த சுகுணா அக்காதான். எங்கள் சபையில் பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்துகிறவர் அவர்.

அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன். என்னையும் வீட்டுக்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது. கெசியாவுக்கே சொல்லவில்லை. சபையில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். கல்யாணம் முடிகிறவரை ஆண்டவர் மூடி வைத்துக் காப்பாற்றட்டும் என்று ஜெபித்தேன். நோயை எடுத்துப் போடும் என்று ஜெபித்ததைவிட இதைத்தான் அதிகம் ஜெபித்தேன்.

ஆனால் தலைமுடியை யார் மூடி வைக்க முடியும்? முதல் மருந்து ஏறிக் கொஞ்ச நாளில் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது, தைக்கிற துணியில் ஒட்டியது. அடுத்த மருந்துக்குப் போனபோது நர்ஸ் பெண், "மொத்தமா எடுத்துடுங்கம்மா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். வீட்டுக்காரர் மண்டியில் இருந்தார். நான் தனியாகத்தான் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முடிதிருத்துகிறவர் கடை. போய் உட்கார்ந்தேன்.

திருப்பதியில் ஒரு பொம்பளை முடியெடுக்க உட்கார்ந்தால் யார்தான் காரணம் கேட்பார்கள்? மலையப்பனுக்கு வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். அவர் தெலுங்கில், "மூடு கத்தெர்லா, குண்டா அம்மா?" என்று கேட்டார். சில பெண்கள் மூன்று கத்திரி வெட்டு மட்டும் காணிக்கையாகக் கொடுப்பார்கள். சிலர் முழு மொட்டை போட்டுக்கொள்வார்கள். எது வேண்டும் என்று கேட்கிறார். "குண்டே" என்றேன். முழு மொட்டை. சுத்தமாக வழித்தார். முடித்ததும் வழக்கப்படி கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்துத் தலை முழுக்க அப்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சந்தனம் ஜில்லென்று இருந்தது. மருந்து ஏற ஆரம்பித்த நாளிலிருந்து என் உடம்புக்கு யாராவது இதமாக ஒன்று செய்தார்கள் என்றால் அது அந்த மனிதர்தான்.

சித்தூர் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் நிறைய. ஒரு அம்மா, அவரும் மொட்டை, என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். "நல்லா தரிசனம் ஆச்சாம்மா?" என்றார். எனக்கு வாந்தி முட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் சபை வழக்கப்படி நெற்றியில் பொட்டில்லை, காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. தாலியறுத்தவள் என்று நினைத்திருப்பார், பாவம். பைக்குள் நான் வாந்தியெடுத்தபோது முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "வெறும் வவுத்தோட இருக்காதம்மா, இத்த கொஞ்சம் துன்னு" என்று ஒரு லட்டுப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது பாகாலாவில் சுகுணா அக்கா அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார். யாரோ உறவுக்காரரைப் பார்க்க வந்தவராம். என்னைப் பார்த்தார். மொட்டை. சந்தனம். மடியில் லட்டு. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை எடுத்துப் போட்டோ பிடித்தார்.

நான் வீடு வந்து படுத்தபிறகு போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பெண்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப். திறந்து பார்த்தால் என் முகம். வாய் பிளந்து, எச்சில் வடிய, அந்த அம்மாவின் தோளில் நான். கீழே சுகுணா அக்கா எழுதியிருந்தார்: "ஜெபக்குறிப்பு. விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப்போன ஒரு சகோதரிக்காக பாரத்தோடு ஜெபிப்போம்." பெயர் போடவில்லையாம். நாகரிகம்! அதன்கீழே கைகூப்பிய படங்கள், அழுகிற முகங்கள், ஆமென், ஆமென், ஆமென். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்று ஒருத்திக்கும் நினைவில்லை. நினைவிருந்தும் போட்டிருப்பார்கள்.

நம் ஜனங்களுக்கு இது ஒரு வசதி. புறம் பேசினால் பாவம். அதையே ஜெபக்குறிப்பு என்று சொன்னால் ஊழியம். எத்தனை குடும்பங்களின் மானம் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டே கப்பலேறியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வாரத்திலேயே ஒருத்தர் பின் ஒருத்தராகப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். நலம் விசாரிக்க அல்ல. தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்க. முதலில் வந்தவள் மேரி. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "இப்போ அவசரம் இல்ல ரூபிக்கா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றாள். வெட்டிவிட்ட துணியைக்கூட வெட்டியபடியே வாங்கிப் போனாள். கைத் துண்டு வேறு, முதுகுத் துண்டு வேறாக மடித்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைத்தான் பார்த்தாள்.

பாஸ்டர் ஐயா கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். ஆனால் பலமாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் நல்லவர். "மலைக்குப் போனீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"போகல ஐயா."

"அப்போ தலை?"

நான் பேசவில்லை. ஒரு வார்த்தை போதும், என் மேலிருந்த பழி போய்விடும். அதே வார்த்தை வரதய்யபாளையம் போய்ச் சேரும். என் மகளின் கல்யாணம் போய்விடும். சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த சபை மூப்பர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாகச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. அந்த மாதம் திராட்சைரசக் கிண்ணங்கள் வைத்த திருவிருந்துத் தட்டு என் வரிசைக்கு வந்தபோது, என்னைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. இருபது வருஷமாக நான் கை நீட்டி வாங்கிய கிண்ணம்.

அத்தோடு விட்டார்களா? எனக்குள் ஏதோ புகுந்துவிட்டது, அதை விரட்ட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை என் வீட்டிலேயே வைத்தார்கள். எண்ணெய் பாட்டிலோடு வந்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, மொட்டைத் தலையில் எண்ணெயைக் கவிழ்த்து, ஆளாளுக்குக் கை வைத்து அழுத்தினார்கள். சுகுணா அக்கா சத்தமாக ஜெபித்தார். "ஆண்டவரே, உமக்குத் தெரியும், போன வாரம் செவ்வாக்கெழம, சித்தூர் பஸ்ஸுல, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல…" ஆண்டவருக்கு சீட் முதற்கொண்டு சொன்னார், அவர் தேடிக் கஷ்டப்படக் கூடாதென்று. கூட்டத்தில் யாருடைய முழங்கையோ நான் அறுவை செய்துகொண்ட இடத்தில் இடித்தது. உயிர் போகிற வலி. "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"கத்துது பாரு, கத்துது! போவப் போவுது!" என்றார்கள். இன்னும் பலமாக அழுத்தினார்கள்.

அவர்கள் போனபிறகு எண்ணெய் வழிகிற தலையோடு தரையில் கிடந்து நானும் ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகுணாவின் வாய் அழுகிப்போகட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க முடியாமல் அவள் அலறட்டும், நான் பார்க்க வேண்டும்." இயேசுவின் நாமத்தில் கேட்டேன். ஆமென் என்றும் சொன்னேன். இதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த மருந்து ஏறியது. வாய் புண்ணானது எனக்குத்தான். நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம், தொண்டை வரை வெந்து போனது. இந்த மருந்துக்கு அப்படித்தான் வரும், பலருக்கும் வரும் என்றார் டாக்டர். தண்டனை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாய் கஞ்சியை விழுங்க முடியாமல் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் ஆண்டவரிடம் கேட்டது ஞாபகம் வந்தது. சிரிக்கவும் முடியவில்லை, சிரித்தால் உதடு கிழிந்தது.

இதற்குள் அந்தப் போட்டோ யார் யாரையோ சுற்றி பெங்களூருக்குப் போய்விட்டது. கெசியா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நெஜத்த சொல்லும்மா" என்றாள். மகளிடம் எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? சொன்னேன். அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். பிறகு கத்தினாள். "கல்யாணம் போனா போவுது. நீ இன்னாத்துக்கும்மா திருடி மாதிரி ஒளிஞ்சிக்கினு இருக்கிற? எனக்கோசரம் நீ அடி வாங்கினு இருக்கிறியா?"

என்னைக் கேட்காமலேயே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். ஆபரேஷன், மருந்து, தலைமுடி, எல்லாவற்றையும் வாசலில் நின்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். லீவு இல்லாததால் அப்படியே பெங்களூர் திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். துணியைத் திருப்பி வாங்கியவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார்கள். பழத்தைக் கடிக்கிற வாயா எனக்கு இருக்கிறது? மேரி அந்த வெட்டிய துண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, "நீங்களே தெச்சிக் குடுங்கக்கா, உங்க கை மாதிரி வருமா?" என்றாள். கூடவே ஒவ்வொருத்தியும் சுகுணா அக்காவைத் திட்டினார்கள். என்னைத் திட்டும்போது எவ்வளவு ஆசையாகத் திட்டியிருப்பார்களோ, அதே ஆசை. ஆள்தான் மாறியிருந்தது. எனக்கு அது தேனாக இனித்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆனால் வரதய்யபாளையத்திலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. நாங்கள் போட்டாலும் எடுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெசியா பாஸ்டரிடம் சொல்வதற்கு முன்பே, போட்டோ வந்த வாரத்திலேயே அவர்கள் பேச்சு நின்றுபோயிருந்தது. அப்படியென்றால் போட்டோவை அங்கே அனுப்பியது யார்? அந்த வீட்டாரின் நம்பர் எங்கள் சபையில் யாரிடம் இருக்கிறது? சம்பந்தம் கொண்டு வந்தவளிடம். எனக்கு இதில் துளிச் சந்தேகமும் இல்லை. என் மானத்தை எடுத்தது பத்தாமல் என் மகளின் வாழ்க்கையையும் எடுத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டெம்போவைத் துடைக்கப் போய்விட்டார்.

பாஸ்டர் ஐயா அடுத்த திருவிருந்து ஞாயிறு சபைக்கு முன்பாக விஷயத்தைத் தீர்ப்பதாகச் சொன்னார். முதலில் நான் பேச வேண்டும். அதைக் கேட்டுச் சுகுணா அக்காவைத் திருவிருந்திலிருந்தும் சபை ஐக்கியத்திலிருந்தும் நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள். நான் என்ன பேச வேண்டும் என்பதைத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தயார் செய்தேன். ஒவ்வொரு வாக்கியமும் ஊசி மாதிரி. பஸ்ஸில் ஆரம்பித்து, எண்ணெயில் ஏறி, கடைசியில், "என் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் இதோ" என்று கை நீட்டி முடிக்க வேண்டும். அவள் இனி எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து உட்காரக் கூடாது.

அதற்கு வாய் வேண்டுமே. ஜெபித்தேன். என் வாழ்நாளில் அப்படி உருகி ஜெபித்ததில்லை. "ஆண்டவரே, உடம்பெல்லாம் நோவு இருக்கட்டும், வாயை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குக் குணமாக்கும். ஒரே ஒரு நாள்." டாக்டர் கொடுத்த மருந்தில் கொப்பளித்தேன். நெய் தடவினேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் ஆறியது மாதிரி இருந்தது. ஸ்தோத்திரம் செலுத்தினேன். ஞாயிறு காலை எழுந்தால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சைகை காட்டினேன், நீங்கள் பேசுங்கள் என்று. "என்னால ஆவாது ரூபி" என்று தன் காலைப் பார்த்தார். எழுதிக் கொடுத்து யாரையாவது படிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். எழுதிப் படிக்கிற கோபம் ஒரு கோபமா? அதனால் அப்படியே கிளம்பினேன்.

சபை நிறைந்திருந்தது. தீர்ப்பு என்றால் வராதவர்களும் வருவார்கள். சுகுணா அக்கா வெள்ளைப் புடவையில், கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகளை மற்றவர்கள் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பாஸ்டர் மைக்கை என்னிடம் கொடுத்தார். வாயைத் திறந்தேன். "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. எச்சிலோடு கொஞ்சம் ரத்தம் வந்து முந்தானையில் விழுந்தது. அவ்வளவுதான். உள்ளே அத்தனை வாக்கியமும் வரிசையாக நிற்கிறது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. ஆண்டவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத முடியாது.

என்னால் முடியாததைப் பார்த்து மேரி எழுந்தாள். "ஐயா, அக்கா பேச முடியலன்னா நாங்க சொல்றோம். போட்டோவ மாப்ள வீட்டுக்கும் அனுப்பி, அந்தப் பொண்ணு கல்யாணத்தயே கெடுத்துட்டாங்க ஐயா!" என் வாக்கியம். நான் கடைசிக்கென்று வைத்திருந்தது. நான்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேனே. அதை இன்னொருத்தியின் வாயில் கேட்டேன். எத்தனை ருசியாகச் சொன்னாள்!

சுகுணா அக்கா எழுந்து நின்றார். "போட்டோ புடிச்சது நான்தான். குரூப்புல போட்டதும் நான்தான். ரூபி வீட்ல செஞ்சதும் நான்தான். அதுக்கு நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா வரதய்யபாளையத்துக்கு நான் சொல்லல ஐயா. கெசியா வாழ்க்கைய நான் கெடுக்கல. சத்தியமா சொல்லல."

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாகச் சிரித்தார்கள்.

நான் "போகல ஐயா" என்று சொன்ன அன்று கேட்ட அதே சிரிப்பு. அன்று நான் சொன்னது சத்தியம். ஒருத்தரும் நம்பவில்லை. இன்று இவள் சொல்வது? பொய் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை, அவளை நான் அப்போதும் நம்பவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமா? நான் கண்ணால் பார்த்தேனா? அவள் பார்த்தது ஒரு மொட்டைத் தலையும் சந்தனமும் லட்டும். நான் பார்த்தது வராத ஒரு போன். அவளிடம் இருந்த அளவுக்குக்கூட என்னிடம் சாட்சி இல்லை. எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்கப் போகிறவன் முதலில் தன் கண்ணில் கிடக்கிற உத்திரத்தைப் பார்க்கட்டும் என்று ஆண்டவர் சொன்னதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்காகத்தான் ஆட்டியிருக்கிறேன்.

திருவிருந்து ஆரம்பித்தது. மூப்பர் தட்டோடு கடைசி வரிசைக்குப் போனார். சுகுணா அக்காவுக்கு முன்னால் நின்று பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் என்னைப் பார்த்தார். சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. பேச வேண்டியதே இல்லை. இல்லை என்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், தட்டு அவளைத் தாண்டிவிடும். ஆட்டவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நிஜமாகவே இருந்தது.

எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன். தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். இன்னொன்றை நான் எடுத்துக் குடித்தேன். புண்ணான வாயில் திராட்சைரசம் பட்டதும் மிளகாயை அரைத்து அப்பினது போல எரிந்தது. கண்ணீர் கொட்டியது. அன்பில் அழுகிறேன் என்று முன்வரிசையில் ரெண்டு பேர் கூட அழுதார்கள். வாய் எரிச்சல்!

அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். "வரதய்யபாளையத்துக்குச் சொன்னது நான்தான்யா" என்றார்.

போட்டோ வந்த மறுநாளே பையனின் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "இவ மலைக்குப் போனான்னு யாராச்சும் சொல்றதுக்கு முன்னால, நெஜம் இன்னான்னு நானே சொல்லிட்டா புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன். நோவுன்னு சொன்னேன். 'ஜெபிக்கிறோம் பிரதர்'னாரு. அதோட போன எடுக்கல." என்னிடம் சொல்லப் பயம். சுகுணா மேல் பழி விழுந்தபோதும் பயம். அவள் கையில் நான் கிண்ணத்தை வைத்ததைப் பார்த்தபிறகு உட்கார முடியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து அவரை நான் என்ன செய்தேன் என்பதைச் சாட்சியில் எழுதுவது முறையல்ல.

சபையே, யோசித்துப் பாருங்கள். நான் கேட்டபடி ஆண்டவர் அன்று காலை என் வாயைக் குணமாக்கியிருந்தால்? அவருடைய வீட்டில், அவருடைய பந்திக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, செய்யாத ஒரு குற்றத்துக்கு ஒருத்தியைக் கொன்றிருப்பேன். அதற்கு எல்லோரும் ஆமென் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவர்கள் செய்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே நானும் செய்திருப்பேன், அதையும் நீதி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆண்டவர் என் ஜெபத்துக்கு முடியாது என்று பதில் கொடுத்தார். என் ஜீவியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பதில் அதுதான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. பத்திரிகைகூட அனுப்பியிருந்தார்கள், உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்ற வார்த்தையோடு. கெசியா இன்றும் சுகுணா அக்காவோடு பேசுவதில்லை. பேசு என்று நான் அவளை வற்புறுத்தியதில்லை. எனக்கும் சுகுணா அக்காவைப் பிடிக்காது. ஆனால் மீதியிருந்த எல்லா மருந்துக்கும் திருப்பதிக்கு என்னோடு வந்தது அவர்தான். வழி முழுக்க நான் எப்படி உட்கார வேண்டும், என்ன துன்ன வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டே வருவார். எனக்கு வருகிற எரிச்சலை அடக்கிக்கொண்டு போவேன். அவர் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன் என்று சொன்னேன். சொன்னது மனசுக்குள் இறங்கச் சில மாதங்கள் ஆயின. சில நாட்களில் மறுபடியும் மேலே ஏறி வந்துவிடும்.

சிகிச்சை முடிந்தது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை, தவறாமல் வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்கள். என் உயிரைக் காத்த தேவனுக்கு நன்றி சொல்கிறேன். மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கும், என்னை யாரென்று தெரியாமலேயே தோளில் சாய்த்துக்கொண்ட அந்த வேலூர் அம்மாவுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன். பெண்கள் ஜெபக்குழுவில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். அவரவர் தங்களுக்காக மட்டுமே ஜெபக்குறிப்பு கொடுக்கலாம். அந்த ஒழுங்கு வந்த நாளிலிருந்து குழு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஒருவர் அநியாயம் செய்திருக்கலாம். அவரைக் குத்திக் கிழிக்க நீங்களும் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். அவர் உங்கள் வழக்கைத் தள்ளிப்போடுகிறார் என்றால், உங்களைக் கைவிட்டார் என்று அர்த்தமல்ல. உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக என் ஜெபக்குறிப்பு, எனக்காக மட்டும். என் வாய்ப்புண் முழுவதும் ஆறிவிட்டது. நன்றாகப் பேசுகிறேன். உங்கள் ஜெபம் எனக்கு இப்போதுதான் அதிகமாகத் தேவைப்படுகிறது.